நிலையான தொகைக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது: கையெழுத்திடும் முன் எதையெல்லாம் பேச வேண்டும்?

மதுரை_நிரலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய பின், சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டு, மதுரையில் வீட்டிலிருந்தபடியே நிரலாக்கப் பணிகளைத் தனித்து எடுத்துச் செய்து வருகிறேன். இதுவரை செய்தவை எல்லாம் தெரிந்தவர்கள் வழியாக வந்த சிறு வேலைகள். வாட்ஸ்அப்பில் தொகை பேசி, முடித்துக் கொடுத்து, பணம் வாங்கிக்கொண்டேன். இப்போதுதான் முதன்முறையாகப் பதினொரு பக்க ஒப்பந்தம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது.

சென்னையில் உள்ள ஓர் ஏஜென்சி, ஆறு கிளைகள் கொண்ட ஒரு ஜவுளி வியாபாரிக்குச் சரக்கிருப்பு மற்றும் பில்லிங் மென்பொருள் செய்து தரும் பணியை எடுத்திருக்கிறது. அதன் நிரலாக்கத்தை முழுவதுமாக என்னிடம் ஒப்படைக்க விரும்புகிறார்கள். நான்கு மாத காலம், வரிகள் உட்பட மொத்தம் ரூ.4,80,000. முன்பணம் இல்லை. ஜவுளி வியாபாரியிடமிருந்து ஏஜென்சிக்குப் பணம் வந்த 45 நாட்களுக்குள் எனக்குத் தருவார்கள். வாடிக்கையாளர் திருப்தி அடையும் வரை திருத்தங்களைச் செய்து தர வேண்டும். பணி முடிந்தபின் 12 மாதம் இலவசப் பராமரிப்பு தர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் 2 சதவீதம் பிடித்தம் செய்வார்கள். எழுதும் ஒவ்வொரு வரிக்குமான உரிமை எழுதிய கணத்திலேயே அவர்களுக்குச் சேரும். இரண்டு ஆண்டுகளுக்குச் சில்லறை வணிகத் துறையில் வேறு யாருக்கும் நான் வேலை செய்யக் கூடாது. என்னால் ஏற்படும் எந்த இழப்புக்கும் வரம்பின்றி நானே பொறுப்பு. தகராறு வந்தால் நடுவரை அவர்களே நியமிப்பார்கள்.

வேலையில் இருந்தபோது கைக்கு வந்த சம்பளம் மாதம் ரூ.75,000. அதை 168 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ ரூ.450 ஆகிறது. இந்தப் பணிக்கு 520 மணி நேரம் பிடிக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் மணிக்கு ரூ.923 கிடைக்கிறது, பழைய வருமானத்தைப் போல் இரு மடங்கு. எனவே தொகையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், ஷரத்துகளில் இரண்டு மூன்றை மட்டும் மாற்றித் தரும்படி கேட்கலாம் என்று நினைக்கிறேன். எவற்றைக் கேட்பது, எவற்றை விட்டுக்கொடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பொருநைக்கரையான் எழுதியது:

வணக்கம் சகோதரி. பதினாறு ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கிறேன். தொகை தனி, ஷரத்து தனி என்று பிரித்துப் பார்ப்பதை முதலில் கைவிடுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு ஷரத்துக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலை உங்கள் ரூ.923-இலிருந்துதான் கழிகிறது. எப்படி என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் உங்கள் ரூ.450. சம்பளத்தை வேலை நேரத்தால் வகுப்பது, வேலையை விட்டு வெளியே வரும் ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு. ஆண்டின் 365 நாட்களில் சனி, ஞாயிறு 104 நாட்கள் போகட்டும். பண்டிகைகளுக்குப் பன்னிரண்டு, உடல்நலக் குறைவுக்கும் சொந்த வேலைகளுக்கும் பன்னிரண்டு என்று கழித்தால் 237 நாட்கள் மிஞ்சும். நாளுக்கு எட்டு மணி என்றால் 1,896 மணி நேரம். இதில் புதிய வேலை தேடுவது, மதிப்பீடு எழுதுவது, பேச்சுவார்த்தை, பில் அனுப்பிப் பின்தொடர்வது, புதியவற்றைக் கற்றுக்கொள்வது ஆகியவற்றுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். பணம் பெறக்கூடிய நேரம் 60 சதவீதம் தேறினாலே நல்ல ஆண்டு என்பேன். அது ஏறத்தாழ 1,138 மணி நேரம்.

இனி செலவு. பழையபடி வீட்டுக்கு மாதம் ரூ.75,000 வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஒன்பது லட்சம். வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் போட்டுவந்த பங்கு, பணிக்கொடை, மருத்துவக் காப்பீடு, மடிக்கணினியின் தேய்மானம், இணைய இணைப்பு, இன்வெர்ட்டர், ஆடிட்டர் கட்டணம், வேலையே இல்லாத மாதத்துக்கான இருப்பு ஆகியவற்றுக்கு மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இது குறைவான தொகை. ஆக ரூ.12,00,000. இதை 1,138-ஆல் வகுத்தால் மணிக்கு ரூ.1,050-க்குச் சற்று மேலே வருகிறது. உங்களுடைய அடிமட்டக் கட்டணம் அதுதான். ஆகவே ரூ.923 என்பது இரு மடங்கு வருமானம் இல்லை. உங்கள் குடும்பத்துக்குத் தேவையானதைவிடக் குறைவு.

இப்போது ஷரத்துகளைச் சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டு மாத இலவசப் பராமரிப்புக்கு மாதம் எட்டு மணி நேரம் என்று வைத்தால் 96 மணி நேரம். 520-உடன் சேர்த்தால் 616. ரூ.4,80,000-ஐ 616-ஆல் வகுத்தால் மணிக்கு ரூ.779. இன்னும் திருத்தங்களுக்கு வரம்பே போடவில்லை, தாமதப் பிடித்தத்தைக் கணக்கில் எடுக்கவில்லை, பணம் எந்த மாதம் வரும் என்றும் தெரியவில்லை. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஒரு ஷரத்தை அவர்கள் மாற்ற மறுத்தால் அதன் விலையைத் தொகையில் கூட்டிக் கேளுங்கள். தொகையைக் கூட்ட மறுத்தால் ஷரத்தை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒருசேர மேசையில் வைத்தால்தான் அவர்களுக்கும் எதையாவது தேர்ந்தெடுக்க வழி இருக்கும்.

---

கணக்கும்_வரியும் எழுதியது:

மேலே உள்ள கணக்குடன் வரி தொடர்பான சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனித்துப் பணிபுரியும் நிரலாளர்கள் பலருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

"வரிகள் உட்பட" என்ற இரண்டு சொற்களை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். சேவை வழங்குவோருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு ரூ.20 லட்சம் என்பதால் இப்போது உங்களுக்குப் பதிவு தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் பராமரிப்பையும் சேர்த்து இந்த ஒப்பந்தம் பதினாறு மாதம் ஓடுகிறது. இடையில் நீங்கள் வரம்பைத் தாண்டினாலோ, வேறொரு வாடிக்கையாளருக்காக நீங்களாகவே பதிவு செய்துகொண்டாலோ, அதன்பின் எழுதும் பில்களுக்கு 18 சதவீதத்தை இதே தொகைக்குள்ளிருந்துதான் கட்ட வேண்டிவரும். முழுத் தொகைக்கும் அப்படி நேர்ந்தால் ரூ.4,80,000-இல் ரூ.73,220 வரியாகப் போய், உங்களுக்கு ரூ.4,06,780 மிஞ்சும். அதை 616 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ரூ.660. "பொருந்தும் ஜிஎஸ்டி தனி" என்று எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினை எழாது; ஏஜென்சி பதிவு பெற்றதாக இருந்தால் நீங்கள் வசூலிக்கும் வரியைப் பெரும்பாலும் உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ளும் என்பதால் அவர்களுக்கும் நட்டமில்லை.

அடுத்தது டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி. தொழில்முறைக் கட்டணம் என்று வகைப்படுத்தினால் 10 சதவீதமும், தொழில்நுட்பச் சேவை என்று வகைப்படுத்தினால் 2 சதவீதமும் பிடிப்பார்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்ற எண்ணில் அறிமுகமான ஊக அடிப்படையிலான முறையில், மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மொத்த வரவு ஆண்டுக்கு ரூ.50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்கு மேல் இல்லையென்றால் ரூ.75 லட்சம் வரை செல்லும். உங்கள் ஆண்டு வரவு ரூ.12 லட்சம் என்றால் வருமானம் ரூ.6 லட்சம்தான், 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி வேறு வருமானம் இல்லாதவருக்கு அதற்கு வரி வராது. அப்படியிருந்தும் பிடித்த 10 சதவீதம், நீங்கள் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறும் வரை உங்கள் கையில் இருக்காது. ஆகவே மாதச் செலவைத் திட்டமிடும்போது 90 ரூபாயை வைத்துத் திட்டமிடுங்கள், 100 ரூபாயை வைத்து வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: கையெழுத்திடுவதற்கு முன்பே மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, எழுத்துபூர்வமாக எத்தனை நாள் என்று ஒப்புக்கொண்டிருந்தாலும், பணியை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. ஒப்பந்தத்தில் நாள் குறிப்பிடாவிட்டால் 15 நாட்கள்தான். ஒப்படைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் பணி ஏற்கப்பட்டதாகவே சட்டம் கருதுகிறது. தாமதமானால் 16-ஆவது பிரிவின்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது 18 சதவீதம் ஆகிவிடுகிறது.

இந்தப் பிரிவுகள் மற்ற சட்டங்களுக்கு மேலானவை என்று அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவே சொல்கிறது. ஒப்பந்தத்தில் தனி நடுவர் ஷரத்து இருந்தாலும், குறு, சிறு தொழில்களுக்கு வர வேண்டிய பணம் பற்றிய தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தை அணுகுவதற்கு அது தடையாகாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மன்றத்துக்கான மனுவை இணையத்திலேயே பதியலாம். போதாக்குறைக்கு, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்க்கப்பட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, குறு, சிறு தொழில்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், உண்மையில் தரும் ஆண்டு வரை அதைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. மார்ச் மாதத்தில் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு இதற்குத் தரும் மதிப்பை நீங்களே பார்ப்பீர்கள். உங்கள் பில்லில் உத்யம் எண்ணை அச்சிட மறக்காதீர்கள்.

---

சிறுநிறுவனத்தார் எழுதியது:

நான் மறுபக்கத்தில் இருப்பவன். எட்டுப் பேர் கொண்ட ஓர் ஏஜென்சியை நடத்துகிறேன். இந்த இழையில் பேசப்படும் ஏஜென்சி நான் இல்லை, ஆனால் இதே போன்ற ஷரத்துகளை நானும் எழுதியிருக்கிறேன் என்பதால் அவை எங்கிருந்து வருகின்றன என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

"எங்களுக்கு வந்தபின் உங்களுக்கு" என்ற ஷரத்தை யாரையும் ஏமாற்றுவதற்காக நாங்கள் எழுதுவதில்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் அறுபது, தொண்ணூறு நாட்கள் இழுக்கிறார்கள். அதற்குள் எட்டுப் பேருக்கு மூன்று முறை சம்பளம் போட வேண்டும். எங்களிடம் முதல் இல்லாததால் அந்தச் சுமையை அடுத்தவர் மேல் இறக்கிவைக்கிறோம். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை; கணக்கும்_வரியும் சொன்ன சட்டம் எனக்கும் பொருந்தும் என்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் ஆடிட்டர் வழியாகவே தெரிந்துகொண்டேன். ஆனால் சட்டப் பிரிவோடு பேச்சைத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் வழக்கறிஞரிடம் போய்விடுவார். தவணைகளைச் சிறிதாக்குங்கள் என்று தொடங்கினால் நிச்சயம் செவிசாய்ப்பார். நான்கு மாதப் பணியை ஐந்து தவணைகளாகப் பிரித்தால், எந்த நேரத்திலும் உங்களுக்கு வர வேண்டியது ஒரு லட்சத்தைத் தாண்டாது. எனக்கும் ஒரே சமயத்தில் பெரிய தொகையைப் புரட்ட வேண்டிய நெருக்கடி இருக்காது. ஒரு தவணை தவறினால் அது வரும் வரை பணியை நிறுத்திவைக்கும் உரிமையையும், அந்த நாட்கள் தாமதமாகக் கணக்கிடப்படா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நான் இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

"எழுதிய கணத்திலேயே உரிமை" என்பதும் ஓர் அனுபவத்திலிருந்து பிறந்ததுதான். ஆறு வாரம் வேலை செய்த ஒருவர், அதிக சம்பளத்தில் வேறு இடம் கிடைத்ததும் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். நிரல் முழுவதும் அவருடைய கணினியில் இருந்தது. வாடிக்கையாளர் முன் நான் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் மனம் பதைக்கிறது. அதிலிருந்து, எழுதும் நிரலை அவ்வப்போது ஏற்றிச் சேமித்துவைக்கும் இணையக் களஞ்சியம் முதல் நாளிலிருந்தே எங்கள் கணக்கில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உரிமை மாற்றம் பணம் கைமாறியபின் நடக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. எனக்கு வேண்டியது நிரல் என் கண்ணெதிரே இருப்பது.

---

பொருநைக்கரையான் எழுதியது:

சிறுநிறுவனத்தார் மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. களஞ்சியம் அவர்கள் கணக்கில், உரிமை மாற்றம் அந்தந்தத் தவணைப் பணம் வந்தபின் என்ற ஏற்பாடு இரு தரப்பின் அச்சத்தையும் தீர்க்கிறது. சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பே. ஊழியராகச் சம்பளத்துக்கு எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாளாக இருந்து எழுதிக் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை எழுதியவருக்கே. அதை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகள் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆவது பிரிவு சொல்கிறது. நம் ஊர் ஒப்பந்தங்கள் பலவற்றில் அமெரிக்க மாதிரிகளிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய வாசகங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு இரு தரப்பும் பின்னால் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பொதுவான நிரல் துண்டுகளும், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்ட திறந்தமூல நிரல் நூலகங்களும் இந்த உரிமை மாற்றத்துக்குள் வரா என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாடிக்கையாளருக்கு உங்கள் சொந்தக் கருவிகளையே பயன்படுத்த முடியாமல் போகும்.

இரண்டு ஆண்டுத் துறைத் தடை: 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தம் முடிந்த பின் ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஷரத்து செல்லாது. ஆனாலும் செல்லாத ஷரத்துதானே என்று கையெழுத்திட வேண்டாம். வழக்கு போட்டு வெல்வதற்கு முன்பே அது உங்களை அச்சத்தில் வைத்திருக்கும். ஓராண்டுக்கு இந்த ஜவுளி வியாபாரியிடம் நேரடியாகப் பணி பெறமாட்டேன் என்று எழுதித் தருவது நேர்மையான மாற்று.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது "வாடிக்கையாளர் திருப்தி அடையும் வரை" என்ற வாசகத்தைத்தான். அதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துணிக்கடைக்கு இதே போன்ற மென்பொருளை எழுதினேன். பேசியபோது ஒரு சரக்குக்கு ஒரு குறியீடு, ஒரு விலை, ஒரு இருப்பு என்றுதான் சொன்னார்கள். மூன்றாம் மாதம் ஓர் இரவு பத்தரை மணிக்குச் செய்தி வந்தது: "ஒரு சின்ன மாற்றம்தான், சட்டைக்கு சைஸும் கலரும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்." திரையில் பார்த்தால் இரண்டு கட்டங்கள் கூடுவதுபோலத்தான் தெரியும். உள்ளே, ஆறு சைஸும் நான்கு கலரும் கொண்ட ஒரே சட்டை, இருப்புப் பட்டியலில் ஒரு வரியிலிருந்து இருபத்து நான்கு வரியாகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி பார்கோடு வேண்டும். ஏற்கெனவே ஒட்டிய ஸ்டிக்கர்களை என்ன செய்வது, கிளைக்குக் கிளை அனுப்பும்போது எந்தக் கலரில் எத்தனை போனது, 38 வாங்கிப் போனவர் 40 கேட்டு வந்தால் பில்லை எப்படித் திருத்துவது, பழைய மாதங்களின் அறிக்கைகள் எந்த எண்ணிக்கையைக் காட்டுவது என்று தொட்ட இடமெல்லாம் திறந்துகொண்டது. தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல் உழைத்தேன். ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியவில்லை, ஏனென்றால் என் ஒப்பந்தத்திலும் "திருப்தி" என்ற சொல்தான் இருந்தது. கடைக்காரரைக் குற்றம் சொல்லமாட்டேன். தம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எனக்கும் தெரியும் என்று அவர் எண்ணிவிட்டார்.

அன்றிலிருந்து ஒப்பந்தத்தோடு ஓர் இணைப்பை வைக்கிறேன். எத்தனை திரைகள், எத்தனை அறிக்கைகள், எந்தக் கருவிகளோடு இணைப்பு, என்னென்ன இதில் அடங்கா என்று அதில் எழுதுவேன். "அடங்காதவை" பகுதியை எழுதும்போதுதான் கேட்க மறந்த கேள்விகள் நினைவுக்கு வருகின்றன. அதற்கு வெளியே எது வந்தாலும், என்ன மாற்றம், எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, ஒப்படைக்கும் நாள் எத்தனை நாள் தள்ளும் என்று நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பி, "சரி" என்று பதில் வந்தபின்தான் தொடங்குகிறேன். முறையாகக் கையெழுத்திட்ட தாள் இல்லாவிட்டாலும் மின்னஞ்சல் பரிமாற்றத்தாலேயே ஒப்பந்தம் உருவாகலாம் என்பதை 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்த ஒரு சொல் பதிலுக்கு மதிப்பு உண்டு.

---

முதல்வருடம் எழுதியது:

ஐயா, இவ்வளவு கேள்வி கேட்டால் வேலையையே வேறொருவருக்குக் கொடுத்துவிட மாட்டார்களா? நான் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. இணையத் தளங்களில் என்னைவிடப் பாதி விலைக்குச் செய்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் இந்தத் தொல்லைகள் குறையுமா?

---

பொருநைக்கரையான் எழுதியது:

கொடுக்கத்தான் செய்வார்கள், தம்பி. எனக்கும் அப்படிச் சில வேலைகள் போயிருக்கின்றன. மாத வாடகைக்குப் பணம் வேண்டிய நிலையில் இருப்பவரிடம் உறுதியாக நில்லுங்கள் என்று சொல்வது எனக்கு எளிது என்பதும் தெரியும். தொடக்கத்தில் தொகையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால், வேலையின் அளவையும் சேர்த்துக் குறையுங்கள். "இந்தத் தொகைக்கு நான்கு அறிக்கைகளுக்குப் பதில் இரண்டு செய்து தருகிறேன்" என்று சொன்னால் உங்கள் மணிநேரக் கட்டணம் அப்படியே இருக்கும். காரணம் சொல்லாமல் கட்டணத்தைக் குறைத்தால், அடுத்த முறையும் அவர் அங்கிருந்துதான் பேரம் தொடங்குவார்.

வெளிநாட்டுப் பணியில் தொல்லைகள் வேறு வகை. ஏற்றுமதிச் சேவைக்கு ஜிஎஸ்டி விகிதம் பூஜ்யம். பதிவு பெற்றவர் வரி கட்டாமல் அனுப்ப ஒவ்வொரு நிதியாண்டும் உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். வங்கியில் பணம் இறங்கும்போது, எதற்காக வந்த பணம் என்பதைக் காட்டும் நோக்கக் குறியீட்டைச் சரியாகச் சொல்லி, அயல்நாட்டு வரவுச் சான்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்க வாடிக்கையாளர், நீங்கள் அமெரிக்கர் அல்லர் என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்பார். இந்தியாவில் இருந்தபடி செய்யும் பணிக்கான வருமானம் அமெரிக்காவில் எழுந்ததாகாது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஒருவர் பணம் தராமல் போனால் இங்குள்ள மன்றத்தின் ஆணையை வைத்து அவரைத் துரத்துவது உங்களுக்கும் எனக்கும் நடைமுறையில் இயலாத காரியம். அதனால் அவர்களிடம் முன்பணத்தின் பங்கு கூடுதலாகவும், தவணைகள் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகவும் இருக்கட்டும்.

---

சிறுநிறுவனத்தார் எழுதியது:

ஓர் இடத்தில் மட்டும் பொருநைக்கரையான் ஐயாவிடமிருந்து வேறுபடுகிறேன். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல், மதிப்பீடு, ஒப்புதல் என்றால் அரை மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரக் கடிதப் போக்குவரத்து ஆகிவிடுகிறது. பில்லில் எழுத்தின் அளவை மாற்றுவதற்கும் விலை கேட்டால் உறவு கசந்துவிடும். என் ஒப்பந்தங்களில் சிறு மாற்றங்களுக்கென்று முப்பது மணி நேரம் போல முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறேன், அதற்கான பணத்தையும் மொத்தத் தொகையில் சேர்த்துவிடுகிறேன். அது தீரும் வரை யாரும் கேள்வி கேட்பதில்லை. தீர்ந்தபின் மணிக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசியிருக்கும். எவ்வளவு தீர்ந்தது என்பதை நிரலாளர் வாரந்தோறும் ஒரு வரியில் தெரிவித்தால் போதும்.

தாமதப் பிடித்தத்தைப் பற்றியும் ஒரு சொல். அதை முற்றிலும் நீக்கும்படி கேட்காதீர்கள், எங்கள் மேல் வாடிக்கையாளர் போட்டிருக்கும் பிடித்தத்தை எங்களால் மறைக்க முடியாது. உச்சவரம்பு கேளுங்கள். வாரத்துக்கு 2 சதவீதம் வரம்பின்றி ஓடினால் பத்து வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நாங்கள் பதில் சொல்லத் தாமதித்த நாட்களைக் கழிக்கும்படியும் கேளுங்கள்.

---

பொருநைக்கரையான் எழுதியது:

மணி நேர ஒதுக்கீடு என் முறையைவிட நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குள் எந்த ஒரு மாற்றமும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சைஸும் கலரும் அந்த முப்பது மணி நேரத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும்.

---

மதுரை_நிரலர் எழுதியது:

இரண்டு வாரங்களாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். பேச்சுவார்த்தை நேற்றுதான் முடிந்தது. நடந்ததை முழுமையாகச் சொல்வதுதான் இங்கே நேரம் செலவிட்டவர்களுக்கு நான் செய்யும் கைம்மாறு.

பேசப் போவதற்கு முன் உத்யம் பதிவை முடித்துவிட்டேன். இணைப்பை எழுத உட்கார்ந்தபோது, "அடங்காதவை" என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக "ஒரு சரக்குக்குள் சைஸ், கலர் வகைப்பாடு" என்று எழுதி ஏஜென்சிக்கு அனுப்பினேன். மறுநாளே ஜவுளி வியாபாரியிடமிருந்து பதில் வந்தது: அது கட்டாயம் வேண்டும், ரவிக்கைத் துணிக்கு மட்டும் வேண்டாம். பொருநைக்கரையான் ஐயா தம் அனுபவத்தை எழுதியிராவிட்டால் இதை மூன்றாம் மாதத்தில்தான் கண்டுபிடித்திருப்பேன். அதைச் சேர்த்து, திரைகளையும் அறிக்கைகளையும் ஒவ்வொன்றாக எண்ணியபோது என் மதிப்பீடு 520-இலிருந்து 590 மணி நேரமாக உயர்ந்தது.

மணிக்கு ரூ.660 வரை கட்டணம் எப்படிக் கீழே இறங்குகிறது என்ற கணக்கை ஒரே தாளில் எழுதி, அதை அப்படியே அவர்களிடம் காட்டினேன். அந்தத் தாளைப் பார்த்தபின் ஏஜென்சியின் பொறுப்பாளர் என்னுடைய ஷரத்துகளைப் பற்றிப் பேசவில்லை. எந்தெந்த ஷரத்து அவர்களுடைய வாடிக்கையாளரிடமிருந்து வந்தது, எது அவர்களே சேர்த்தது என்று பிரித்துச் சொன்னார். பராமரிப்பும் தாமதப் பிடித்தமும் வாடிக்கையாளரிடமிருந்து வந்தவை. மற்றவை பழைய மாதிரியிலிருந்து எடுத்தவை என்பதால் பெரும்பாலானவற்றை மாற்றுவதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

முடிவாக, தொகை ரூ.6,20,000, ஜிஎஸ்டி பொருந்தினால் தனி. முன்பணம் 25 சதவீதம், மீதி நான்கு தவணைகள், ஒவ்வொன்றும் பில் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள். வாடிக்கையாளரிடமிருந்து அவர்களுக்குப் பணம் வந்ததா என்பது இதில் குறுக்கிடாது. பராமரிப்பு மூன்று மாதம் இலவசம், மீதி ஒன்பது மாதத்துக்கு மாதக் கட்டணம். சிறு மாற்றங்களுக்கு முப்பது மணி நேரத்தை 590-க்குள்ளேயே அடக்க வேண்டியதாயிற்று. அதற்கு மேல் மணிக்கு ரூ.1,200. தாமதப் பிடித்தத்துக்கு 5 சதவீத உச்சவரம்பு. களஞ்சியம் அவர்கள் கணக்கில், உரிமை மாற்றம் தவணைக்குத் தவணை. துறைத் தடை போய், அந்த ஒரு வியாபாரிக்கு மட்டும் ஓராண்டு. மூன்று மாதப் பராமரிப்புக்கு 24 மணி நேரம் சேர்த்தால் 614 மணி நேரம், மணிக்கு ரூ.1,010 அளவில் நிற்கிறது. என் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழேதான். பராமரிப்புக் கட்டணம் அதை ஈடுசெய்யும் என்ற எண்ணத்தில் ஒப்புக்கொண்டேன்.

இழப்புப் பொறுப்புக்கு வரம்பு வாங்குவதில்தான் நான் முழுமையாக வெல்லவில்லை. நான் பெறும் மொத்தத் தொகைக்கு மேல் போகக் கூடாது என்று கேட்டேன். வாடிக்கையாளரின் தரவு கசிந்தால் மட்டும் அந்த வரம்பு இரு மடங்கு என்று வைத்துவிட்டார்கள். அதனால் உண்மையான விற்பனைத் தரவை என் கணினியில் இறக்கவே மாட்டேன், சோதனைக்கு மாற்றுத் தரவை அவர்களே தர வேண்டும் என்று ஒரு வரியை நான் சேர்த்தேன், அதை ஏற்றுக்கொண்டார்கள். நடுவரை இரு தரப்பும் சேர்ந்து நியமிப்பது என்று மாறியிருக்கிறது, இடம் சென்னைதான்.

முன்பணம் ரூ.1,55,000-இல் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு ரூ.1,39,500 நேற்று மாலை வங்கியில் ஏறிவிட்டது. திங்கட்கிழமை காலை வியாபாரியின் கிடங்குக்குப் போய், சரக்கு வந்து இறங்குவதிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டும் வரை கூடவே நின்று பார்க்கப் போகிறேன்.